கன்வர்ட்டரை வெட்டுவதற்கு முன்

என் மனைவி ஒரு வண்டியைப் பார்த்து "இது சரியாயிடும்" என்று சொன்னால் அது சரியாகிவிடும். அவள் இறந்துபோன பிறகு இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக் கேட்டுக்கொள்கிறார்கள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். அந்த வேன் எப்படிப் பிழைத்தது என்று சொன்னால் புரியும்.

மாமனார் விட்டுப்போன ஒர்க்‌ஷாப்பை அவளும் அவளுடைய அண்ணனும் நடத்தினார்கள். மாடியில் நாங்கள் குடியிருந்தோம். மாமனார் ஏற்படுத்திய பழக்கம் ஒன்று அங்கே இருந்தது. ஒரு நட்டை முடுக்கி முடித்ததும் அதன் தலையில் பெயின்ட் பொட்டு வைக்க வேண்டும். மச்சானுக்கு நீலம், அவளுக்கு மஞ்சள். ஒருவர் பொட்டு வைத்ததை மற்றவர் தொடுவதில்லை. பிள்ளைகள் சண்டை போடாமல் இருக்க மாமனார் கண்டுபிடித்த வழி. சண்டை குறைந்தது உண்மைதான்.

அன்று வேனுடைய புகைச் சான்றிதழ் முடிகிற நாள். மதியத்துக்குள் சோதனைக்குப் போக வேண்டும். காலையில் சாவியைத் திருப்பினால், முந்தின நாள் டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு அப்படியே எரிகிறது. மச்சான் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"மாப்பிள்ளை, கோச்சுக்காதீங்க. வண்டிக்கு நுரையீரல் போச்சு."

புகையைச் சுத்தம் பண்ணும் கன்வர்ட்டரைத்தான் அப்படிச் சொன்னார். முன் குழாயோடு சேர்த்து வெல்டு வைத்த பாகம் அது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டி அனுப்பினால் அளவு பார்த்துப் புதுசு வரப் பத்து நாளாகும். அதுவரை வேன் நிற்கும். நின்றால் பிள்ளைகளை ஏற்ற வேறொரு வேன்காரர் தயாராக இருந்தார். பள்ளிக்கூடத்தில் அதை மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டத்தில் ஏறின ஆளை அப்புறம் யார் இறக்குவார்கள்?

மச்சான் இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுத்து ஒயரைப் பிரிக்க ஆரம்பித்தார். அவள் வந்து ஒயரின் மேல் காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குண்ணே அவசரம்?"

"ஸ்கேனரே சொல்லுது, அப்புறம் என்ன?"

"கன்வர்ட்டர் போச்சுன்னு எங்க சொல்லுது? அதுக்குப் பின்னாடி இருக்கிற சென்சாரோட அளவு ரொம்ப ஆடுதுன்னுதான் சொல்லுது. கன்வர்ட்டர் கெட்டாலும் ஆடும். வேற எதுக்கும் ஆடும்."

"நீ எப்பவும் வேற எதாவதைத் தேடுவ."

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, மேடு ஏறுறப்போ இழுக்குதா?"

"எப்பவும் போலத்தான் ஏறுது."

"ஆயில் குறையுதா? நடுவுல விக்கி விக்கி ஓடுதா?"

"இல்லை."

"கேட்டியாண்ணே? அடைப்பு இல்ல, ஆயில் குடிக்கல. பின்ன அது எதுக்குச் சாகணும்?"

"வயசாச்சு."

"உனக்கும்தான் ஆச்சு. உன்னை வெட்டவா செய்றோம்?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கிரைண்டரைக் கீழே வைக்கவில்லை. அவள் வேனுக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கி ரப்பர் சுத்தியலால் கன்வர்ட்டரைத் தட்டினாள். உள்ளே உடைந்திருந்தால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வரும். கனமான, கெட்டியான சத்தம்தான் வந்தது.

"மாடியில இருக்கிற வேக்குவம் கிளீனரைக் கொண்டாங்க," என்றாள்.

"வீட்டுச் சாமானையா?"

"அது உங்களைவிட நல்லாப் பெருக்குது, தெரியும். இன்னைக்கு ஊதட்டும்."

கொண்டுவந்தேன். காற்றை வெளியே தள்ளும் பக்கத்தில் குழாயைச் செருகி, மறுமுனையைப் புகைக்குழாய் வாயில் துணியோடு சுற்றி அடைத்தாள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. இரும்பு சில்லென்று இருந்தது. கிளீனரைப் போடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே போனாள். முன் பக்கம் ஒன்றுமில்லை. பின் சென்சாருக்கு ஒரு சாண் முன்னால் இருந்த இணைப்பில் தடவினாள். நுரை பொங்கிப் பொங்கி வழிந்தது. அந்த இரண்டு நட்டிலும் நீலப் பொட்டு. போன வாரம் பின் குழாயை மாற்றியவர் மச்சான்.

கிளீனர் கத்திக்கொண்டே இருந்தது. நான் அணைத்தேன்.

அவள் அந்த நட்டுகளைத் தொடவில்லை. மேலே ஏறி வந்து அவர் கையிலிருந்த கிரைண்டரை வாங்கிக்கொண்டு, ஸ்பேனரை நீட்டினாள்.

"நீயே பிரிண்ணே."

மச்சான் இறங்கினார். நட்டுகளைக் கழற்றி, நடுவே காற்றுக் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு ஓரத்தில் கரி கோடு போட்டிருந்தது.

"பழசையே போட்டுட்டேன்," என்றார். "பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்த ஓட்டை வழியா வெளிக்காத்து உள்ள போய் சென்சாரை ஏமாத்தியிருக்கு. அவ்வளவுதான்."

எனக்கு ஒரு விஷயம் பிறகுதான் உறைத்தது. கன்வர்ட்டரை வெட்டிப் புதுசு போட்டிருந்தாலும் விளக்கு அணைந்திருக்கும். ஏனென்றால் அப்போது கேஸ்கெட்டும் புதுசாகியிருக்கும். மச்சான் சொன்னதுதான் சரி என்று எல்லாரும் நம்பியிருப்போம், பள்ளிக்கூட ஓட்டம் கைவிட்டுப் போன பிறகும்.

புதுக் கேஸ்கெட் போட்டார்கள். என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, சூடானதும் ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடிக்கச் சொன்னாள். ஸ்கேனர் திரையில் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் கோடு மேலும் கீழும் குதித்தது. பின் சென்சாரின் கோடு படுத்துத் தூங்குகிற மாதிரி நேராகப் போயிற்று. கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் அப்படித்தான் போகும்.

"பழைய கோளாறுப் பதிவை அழிச்சிட்டு நேரா சோதனைக்குப் போகட்டுமே," என்றார் மச்சான்.

"முதல்ல ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டட்டும். விளக்கு வராம இருக்கணும். எனக்குக் கவலை இல்ல. ஆனா இவர் அங்க வரிசையில நின்னுட்டு டேஷ்போர்டையே பாத்துட்டிருப்பாரு."

சரியாகத்தான் சொன்னாள். ஓட்டினேன், விளக்கு வரவில்லை. சோதனைக்காரர் குழாயில் கம்பியைச் செருகி, எண்ணைப் பார்த்து, முத்திரை குத்தினார். வேன் என்னிடமே இருந்தது.

நான் திரும்பியபோது அவள் வேறொரு காருக்கு அடியில் இருந்தாள். சான்றிதழைக் குனிந்து காட்டினேன். "ம், அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க," என்றாள்.

மச்சான் கை துடைத்துக்கொண்டே வந்து நின்றார். "பாப்பா, வெளிய நிக்கிற டாக்ஸிக்கு நேத்து பிரேக் மாத்தினேன். குடுக்கறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பாத்துடு."

"பாக்குறேன். நான் மாட்டின கிளட்ச்சை நீ பாரு."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. இப்போது மச்சான் தனியாகத்தான் வேலை பார்க்கிறார். ஆனாலும் வண்டியை வெளியே விடுவதற்கு முன் மாடியைப் பார்த்து, "மாப்பிள்ளை, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இறங்கிப் போவேன். குனிந்து பார்த்துவிட்டு, "இது எதுக்குக் கெட்டுச்சு மச்சான்?" என்று கேட்பேன். பதில் சொல்ல ஆரம்பிப்பார். சில நாள் பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடி நட்டைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்.