ரொட்டிக்கடைக் கியூ

குண்டு விழுந்த மறுநாள் காலை எனக்குக் கல்யாணம். பதினோரு மணிக்குத் தேவாலயம்; இரண்டு மணி ரயிலில் மாப்பிள்ளை பெர்சி படைக்குத் திரும்பியாக வேண்டும். எல்லாம் தயார், மோதிரத்தைத் தவிர. கேன்டர்பரியிலேயே பத்திரமான இடம் என்று பெர்சி அதை ரொட்டிக்கடை ஹாக்பென்னிடம் கொடுத்து வைத்திருந்தான். அவர் அதை எங்கள் கல்யாணக் கேக்குக்குள் வைத்திருந்தார். உலகப் போரால் சர்க்கரைப் பூச்சுக்குத் தடை இருந்த காலம் அது. உள்ளங்கை அகலக் கேக்கின் மேல் மூன்றடுக்குக் கேக் மாதிரி செய்த வெள்ளை அட்டைக் கூட்டைக் கவிழ்ப்பார்கள். அட்டைக்கு வாடகை உண்டு.

கல்யாணக் கவுனும் ரப்பர் பூட்ஸுமாகப் பெர்சியோடு கடைத்தெருவுக்கு ஓடினேன். தெருவையே காணோம்! செங்கல், கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. கடைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த பேராலயம் அடி முதல் நுனி வரை தெரிந்தது. தெருவின் கடைசியில் கடிகாரக் கோபுரம் மட்டும் நின்றது.

குறுக்கே கயிறு கட்டி நின்ற குண்டுவீச்சுக் காவல் வார்டன் காடன் கையை நீட்டித் தடுத்தார்.

"எந்த இடம்னு காட்டும்மா, தோண்டலாம். சும்மா அங்க இங்க கிளற விடமாட்டேன்."

"ஹாக்பென் கடைங்க. அதோ அவரே நிக்கிறாரே!"

ஹாக்பென் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே தெரியலியே லெட்டி! முப்பது வருஷமா பின்சந்து வழியாத்தான் வந்து போறேன். முன்பக்கத்த யாரு பாத்தா?"

பெர்சி சிரித்துவிட்டான். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. தூங்கவில்லை, சாகவில்லை, வேறென்ன செய்வது?

அப்போது டார்கஸ் அம்மா பையோடு வந்து சேர்ந்தார். தினமும் ரொட்டிக் கியூவில் முதல் ஆள்.

"கடையே போச்சும்மா," என்றார் காடன்.

"கடை போனா என்ன? நான் நிக்கிற இடம் எங்க போகும்?"

அந்தப் பேச்சில்தான் எனக்குப் பொறி தட்டியது. நான் எப்போதும் கியூவின் கடைசி, கடிகாரத்துக்கு நேர் கீழே! ஓடிப்போய் அங்கே நின்றேன். தினமும் எனக்கு முன்னால் நிற்கும் ஐவி வந்து தன் இடத்தில் நின்றாள். பையோடு வந்த ஒவ்வொருத்தியும் தன் இடத்தில் போய் நின்றாள்.

"ஏய், நேத்து நீ எனக்குப் பின்னாலதான நின்ன?"

"கண்ணாடிய மாத்துடி!"

இருபத்து மூன்று பேர். முன்கோடியில் டார்கஸ் அம்மா ஒரு செங்கல் குவியல் மேல் ஏறிக் காலைத் தட்டினார். "இதான் வாசப்படி!"

காடன் கயிற்றைத் தூக்கினார். "குண்டுன்னா தடுப்பேன். கியூவத் தடுக்க நான் யாரு?"

பெர்சியும் ஹாக்பென்னும் தோண்டினார்கள். பெரிய இரும்பு அடுப்புக்குள் அட்டைக் கேக் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது, ஒரு கீறல் இல்லை. கேக்கிலிருந்து எடுத்த மோதிரம் கைமாறிக் கைமாறிப் பின்னால் என்னிடம் வந்தது. வழியில் எல்லாரும் ஒருதரம் போட்டுப் பார்த்தார்கள். ஐவி விரலில் சிக்கிக்கொண்டது. யாரோ பையிலிருந்து எடுத்த ரேஷன் மார்கரின் வெண்ணெயைத் தடவித்தான் கழற்றினோம்.

மணி பத்தே முக்கால். அப்படியே நடந்தோம், கியூ கலையாமல்.

வாசலில் நின்ற பாதிரியார் டார்கஸ் அம்மாவின் பையைப் பார்த்துத் திகைத்தார். "மணப்பொண்ணு எங்கம்மா?"

"கடைசில வர்றா, ஐயா. நடுவுல நுழைய விடமாட்டோம்."