அம்மாவுக்கு ஒரு வாய்

அத்தை வீட்டில் குழந்தைகள் மதியம் தின்ற பூசணிக்காய், அவரவர் வேலையில் இருந்த பெற்றோரின் வயிற்றில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. இதை முதலில் கண்டவர் வங்கிக்காரர். மாலையில் மகனை அழைத்துப்போக வந்தவர், காலையில் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்திருந்தார். "பசியே எடுக்கலக்கா. ஆனா பூசணிக்கா ஏப்பமா வருது. நான் பூசணிக்காயைக் கண்டாலே ஓடுறவன்" என்றார். அன்று அத்தை வேகவைத்து மசித்துக் கொடுத்தது பூசணிக்காய்தான்.

அத்தை என்பது குழந்தைகள் வைத்த பெயர். தெருவும் அதையே எடுத்துக்கொண்டது. தன் வீட்டு முன்னறையில் ஆறு குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவள் தொழில். சாப்பாட்டு விஷயத்தில் அவளிடம் பேரம் படியாது. வாரம் முழுவதற்கும் என்ன சமைப்பது என்று ஞாயிற்றுக்கிழமையே யோசித்து முடித்துவிடுவாள். தட்டில் பச்சையாக ஒன்று, ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, முட்டையோ மீனோ பருப்போ கட்டாயம். கைக்குழந்தைக்கு உப்பு போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவைப்பாள். திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுப்பாள். பழச்சாறு கேட்டால் பழம் கிடைக்கும், கூடவே தண்ணீர். டிவியைக் காட்டி ஊட்டுவதும் மிட்டாயைக் காட்டி ஊட்டுவதும் அவள் அகராதியில் லஞ்சம். அவளிடம் இருந்த ஒரே பலவீனம் ஊரில் எல்லாரிடமும் இருப்பதுதான். வாயைப் பூட்டிக்கொண்ட பிள்ளையிடம் "அப்பாவுக்கு ஒரு வாய், மாமாவுக்கு ஒரு வாய்" என்பாள். சொன்னது சொன்னபடியே நடக்க ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இங்கே ஊரார் பிள்ளைக்கு ஊட்ட ஊட்ட, பெற்றவர்கள்தான் வளர்ந்தார்கள். வங்கிக்காரர் மினுமினுத்தார். ஒரு மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியது. அடம்பிடிக்கும்போதெல்லாம் பேர் சொல்லப்பட்ட போலீஸ்காரர் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். நிலாவுக்கு ஊட்டிய வாரத்தில் பிறை சற்றுத் தடித்திருந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அது மிகை. குழந்தைகளின் சட்டைகள் மட்டும் தொளதொளத்துக்கொண்டே போயின. விஷயம் பிடிபட்டதும் அத்தை பேச்சை மாற்றினாள். உனக்கு ஒரு வாய், உனக்கே இன்னொரு வாய். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே மாதத்தில் கன்னம் வைத்தது. வங்கிக்காரர் கொஞ்சம் வருத்தத்தோடு மறுபடி டப்பாவைக் காலி செய்யத் தொடங்கினார்.

ஆறாவது சுண்டு. சுண்டுவிரல் அளவே இருந்ததால் அந்தப் பேர். பஸ் டிரைவரின் மகள், மூன்று வயது. அவளுடைய அம்மா கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். சுண்டுவுக்கு யாரும் ஊட்ட வேண்டியதில்லை, கரண்டியைத் தானே பிடிப்பாள், ஒவ்வொரு கரண்டிக்கும் தானே சொல்வாள்: "அம்மாவுக்கு ஒரு வாய்." உனக்குன்னு சொல்லுடி தங்கம் என்று அத்தை கெஞ்சினால், சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் அம்மாவுக்கே கொடுப்பாள். அம்மா பேரைச் சொல்லக்கூடாது என்று டிரைவர் அதட்டிய அன்று ஒரு பருக்கைகூட உள்ளே இறங்கவில்லை. மாதாமாதம் எடை பார்க்க வரும் நர்சம்மா, அடுத்த முறையும் முள் இதே இடத்தில் நின்றால் பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். தட்டு வழித்து வைத்ததுபோலக் காலியாகிறது, பிள்ளை கரைகிறது. அத்தைக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

மாலையில் டிரைவர் வந்ததும் அவர் மனைவியை போனில் கூப்பிடச் சொன்னாள். "எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றது மறுமுனை. "இங்க உக்காந்து சாப்பிட நேரமே கிடையாது. ஆனா பசிக்கிறதும் இல்ல. ஒரு சுத்து பெருத்துகூடப் போயிட்டேன்." அத்தை நடந்ததைச் சொன்னாள். சுண்டுவின் அம்மா, "அப்ப நான் இத்தனை நாளா தின்னது எம்புள்ள சோறாக்கா?" என்று அழுதாள்.

"அழாதம்மா. அவ நிறுத்தமாட்டா. அதனால நீ ஆரம்பி. ஒவ்வொரு வாய்க்கும் அவ பேரைச் சொல்லிச் சாப்பிடு."

அன்றே ஆரம்பித்தாள். பழக்கதோஷத்தில் அவள் சாப்பிட்டது ஒரு பன்னும் இரண்டு கப் காப்பியும்; இங்கே சுண்டு விடியவிடியக் கட்டில்மேல் குதித்தாள். காப்பியை உன் பேரிலேயே குடித்துக்கொள் என்று அத்தை போனில் கத்தினாள். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமை யோசனையில் ஏழாவது தட்டு ஒன்று சேர்ந்தது. அங்கே கடையில் என்ன காய் கிடைக்கும் என்று கேட்டு, திங்களுக்கு முட்டை, செவ்வாய்க்குக் கீரை என்று சொல்லிவிடுவாள். விஷயம் தெரிந்த அந்த இல்லத்துக் கிழவர் கிழவிகளும் ஆளுக்கு ஒரு வாய் கூடுதலாகக் குழந்தை பேரில் சாப்பிட முன்வந்தார்கள். முதியோர் சாப்பாட்டில் உப்பு குறைவு என்பதால் அத்தை அதை அனுமதித்தாள். அடுத்த மாதம் முள் நகர்ந்தது. நர்சம்மா எடையைக் குறித்துக்கொண்டாள், காரணம் கேட்கவில்லை. நடுவில் கடல் கிடந்தாலும், மகள் தின்று அம்மாவும் அம்மா தின்று மகளுமாக இரண்டு வருஷம் ஓடியது.

வேலை முடிந்து அம்மா ஊர் திரும்பிய அன்று, பெட்டியோடு நேராக அத்தை வீட்டுக்குத்தான் வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம். சுண்டுவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, அவளுக்கு எதிரே குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தாள். அத்தை இரண்டு தட்டு வைத்தாள். ஒருத்தி அம்மாவுக்கு என்றாள், மற்றவள் சுண்டுவுக்கு என்றாள். பக்கத்தில் இருந்துகொண்டு எதற்கு இந்தச் சுற்றுவழி என்று யாருக்கும் தோன்றவில்லை. பாதியில் அம்மா பீன்ஸை மட்டும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"ஒதுக்காதம்மா" என்றாள் அத்தை. "அது உன்னோடது இல்ல, அவளோடது."

அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒன்று விடாமல் எடுத்துச் சாப்பிட்டாள்.