மீட்டருக்கு அடியில்

வண்டி கழுவுகிற இடத்துக்கு ஓரமாக, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் கண்ணாடி உட்கார்ந்திருந்தான். கடையில் அவன் பேர் அதுதான். அவன் பாலிஷ் போட்ட வண்டிக்கு முன்னால் நின்று தலை சீவிக்கொள்ளலாம் என்று யாரோ எப்போதோ சொல்லப்போக, அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம்தான். வேலை நேரத்தில் அவன் உட்கார்ந்து அவன் மனைவி பார்த்ததில்லை. ஒரு வேனுக்குள் மண்டிபோட்டு, மிதியடியில் அப்பியிருந்த மண்ணை மெஷினால் உறிஞ்சிக்கொண்டிருந்தவள், திறந்திருந்த கதவு வழியாக அவனைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் இங்க என்ன பண்றீங்க? கருப்பு வண்டிக்குக் கோட்டிங் ஏத்தணும்னு சொன்னாங்களே."

"வெளிய போய் உட்காருன்னுட்டாரு. இனிமே வண்டில கை வைக்காதேன்னுட்டாரு."

"யாரு?"

"முதலாளிதான், வேற யாரு. நான் பெயிண்ட்டைத் தின்னுட்டேனாம்."

அந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. வண்டியின் பெயிண்டுக்கு மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். பளபளப்பெல்லாம் அதில்தான். பாலிஷ் என்பது அந்தப் பூச்சை மயிரிழையாகச் சீவி, கீறலையும் மங்கலையும் எடுப்பது. அளவாகச் சீவினால் வண்டி புதுசு. கை தப்பிக் கூடுதலாகச் சீவினால் பூச்சு போய்விடும். போனது போனதுதான், முழுதும் புதுப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதனால்தான் பாலிஷுக்கு முன்னால் ஒருமுறை, முடித்தபின் ஒருமுறை என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மீட்டரை வண்டியின்மேல் வைத்துத் தடிமன் பார்ப்பார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்; இரண்டு மூன்று மைக்ரான் மட்டும் குறைந்தால் நல்ல கை. அப்படி அளந்து, காட்டிய அளவை நீல டேப்பில் எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டி, போட்டோ எடுத்து வைப்பது அவள் வேலை. முன்னால் அளப்பதும் அவள்தான், பின்னால் அளப்பதும் அவள்தான். இன்றைக்கு வேன்காரர் அவசரப்படுத்தியதால் அவளை இங்கே அனுப்பிவிட்டு, பாலிஷ் முடிந்த கருப்பு வண்டியை முதலாளியே அளந்திருக்கிறார்.

"எவ்வளவு குறைஞ்சிருக்காம்?"

"பானட்ல இருபதுக்கு மேல."

இருபது என்றால் மேல்பூச்சில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். "நீங்க அப்படிச் செய்யுற ஆளா? மீட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவன் தன் வலது கையை மடியில் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "கொஞ்ச நாளா இந்தக் கை மரத்துப்போகுது. பாலிஷ் மெஷின் ஆடுற ஆட்டத்துல, பிடிச்சிருக்கேனா அழுத்துறேனான்னே சில சமயம் தெரிய மாட்டேங்குது. அழுத்திட்டேனோ என்னமோ."

"இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ தூங்க மாட்டே."

"இப்ப மட்டும் தூங்கிடுவேனாக்கும்."

அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. முதலாளிமேல் கொஞ்சம், அவன்மேல் மீதி. செய்யாத தப்பைக்கூட, யாராவது அழுத்திச் சொன்னால் நாம்தான் செய்தோமோ என்று நம்பிவிடுகிற மனுஷன். அந்தத் தெருவில் வண்டிக்கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் ஆகாது; ஆனால் ஒருவன் வேலையில் பிசகிவிட்டான் என்றால் சேதி மட்டும் டீ ஆறுவதற்குள் எல்லாக் கடைக்கும் போய்விடும். கண்ணாடி என்ற பேர் ஒட்ட எத்தனையோ வருஷம் பிடித்தது. பெயிண்ட்டைத் தின்றவன் என்ற பேர் ஒட்ட ஒரு மத்தியானம் போதும். அப்புறம் அவன் கையில் மெஷினைக் கொடுக்க ஆள் ஏது?

"எங்க போறே?"

"அந்த நம்பரை நான் ஒரு தரம் பார்க்கணும்."

"போய் வாய் கொடுத்துட்டு நிக்காதே. உன் வேலையாவது மிஞ்சட்டும்."

அவள் காதில் வாங்கிக்கொள்ளாமல் போனாள்.

பாலிஷ் முடிந்த வண்டிக்குக் காப்பாக மேலே ஒரு மருந்துப் பூச்சு கொடுப்பதுதான் கோட்டிங்; அதை ஏற்றுகிற அறைக்குத் தூசி ஆகாது. தரையை நனைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கூரையில் வரிசையாக விளக்கு எரியவிட்டிருந்தார்கள். குளிர்சாதனம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் கருப்பு வண்டி நின்றது. அதன்மேல் விளக்குகள் எல்லாம் வளையாமல் நெளியாமல் நேர்கோடாக விழுந்திருந்தன. இப்படி வேலை செய்தவனையா வாளிமேல் உட்கார வைத்தார்கள் என்று அவளுக்கு மனசு கொதித்தது.

முதலாளி போனில் இருந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் அவரும் பாலிஷ் மெஷின் பிடித்தவர்தான். இப்போது அந்தக் கைக்குப் போன் பிடிக்க மட்டும்தான் நேரம் இருக்கிறது. "சின்ன வேலை ஒண்ணு பாக்கி சார்... இல்ல சார், பயப்படுறதுக்கு ஒண்ணுமில்ல... சாயங்காலம் நீங்க வந்தா..." என்று குழைந்து பேசியவரின் நெற்றியில், அந்தக் குளிரிலும் வேர்த்திருந்தது. போனை வைத்ததும் குழைவு போய்விட்டது.

"என்னம்மா, புருஷனுக்குப் பரிஞ்சு பேச வந்தியா?"

"பரிஞ்சு பேசலை சார். எவ்வளவு காட்டுச்சுன்னு பார்க்கலாம்னுதான்."

"பாரு. நல்லாப் பாரு." போனில் அவள் எடுத்த போட்டோவை விரித்துக் காட்டினார். பானட்டின்மேல் நீல டேப். அதில் நூற்று இருபத்தெட்டு. "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"அதே இடம்தானே? இப்ப இதைப் பாரு." மீட்டரை எடுத்து, முத்திரை குத்துவதுபோல் பானட்டின்மேல் அழுத்தினார். டொக்கென்று சத்தம் வந்தது. "நூத்தி நாலு. இனி இந்த வண்டிக்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? அந்த மனுஷன் பெத்த பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்க மாட்டாரு."

அவள் எண்ணைப் பார்க்கவில்லை. மீட்டரின் வாயைத்தான் பார்த்தாள். "சார், அப்படி நேரா வைக்காதீங்க. கருப்பு வண்டி. வட்டமா கீறல் விழுந்துடும்."

"பெயிண்டே போயாச்சு, இவ கீறலுக்குக் கவலைப்படறா."

"இல்ல சார், அதுக்குத்தான் நான் அடியில பிளாஸ்டிக் வச்சு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் இன்னொரு கருப்பு வண்டியில் மீட்டரின் வாய் பட்டு ஒரு மெல்லிய வளையம் விழுந்துவிட்டது. கருப்பு நிறம் எதையும் மறைக்காது. அன்றைக்கு இதே முதலாளி அவளை எல்லார் முன்னாலும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்கப்புறம் கருப்பு வண்டி வந்தால், புதுத் துணி வருகிற பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டு வெட்டி, அதை வண்டியின்மேல் விரித்து அதற்குமேல்தான் மீட்டரை வைப்பாள். யாரிடமும் சொல்லவில்லை, இதைப் போய் என்ன சொல்வது? முன்னாலும் பின்னாலும் அவளே அளந்தவரைக்கும், இரண்டு தடவையும் அதே துண்டு அடியில் இருந்தவரைக்கும், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"என்ன பிளாஸ்டிக்?" என்றார் முதலாளி.

அவள் மேலங்கிப் பையில் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தாள். விரித்தபோது அது சரசரத்தது. "முன்னாடி அளந்தப்போ இது அடியில இருந்துச்சு சார். நீங்க இது இல்லாம அளந்திருக்கீங்க."

முதலாளி மீட்டரை அவளிடம் நீட்டினார்.

கையில் வாங்கிய பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. இந்த நோஞ்சான் பிளாஸ்டிக்கா இருபதுக்கு மேல் காட்டிவிடப் போகிறது? காட்டாவிட்டால் அவன் தின்றது தின்றதுதான். இவளே வந்து இன்னொரு தரம் அளந்து ஊர்ஜிதம் செய்ததாக ஆகும். வாளிமேல் உட்கார்ந்து அவன் பார்த்துக்கொண்டிருந்த கை நினைவுக்கு வந்தது. துண்டைச் சுருக்கமில்லாமல் நீவி, மீட்டரைப் பூப்போல வைத்தாள். அது ஒரு கணம் யோசித்தது.

நூற்று இருபத்தாறு.

முதலாளி குனிந்து பார்த்தார். "வண்டிக் கூரையில வை," என்றார். கூரையில் வைத்தாள். பிறகு கதவில், பின்மூடியில். எல்லா இடத்திலும் அவள் முன்பு எழுதியதற்கு இரண்டு குறைந்தது, ஓரிடத்தில் மூன்று. அவர் அதற்கும் திருப்திப்படவில்லை. மீட்டரோடு வந்த வெறும் இரும்புத் தகட்டை எடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக்கை மட்டும் விரித்து அளந்தார். இருபத்திரண்டு காட்டியது. அதற்கப்புறம்தான் அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என் உயிரே போயிடுச்சும்மா. முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிச்சுக் கொடுக்கணுமோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. ரெண்டு மைக்ரான்! அவன் கை கைதான்." சிரிப்பு ஓய்ந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். "இனிமே இந்த மாதிரி வேலையெல்லாம் என்னைக் கேட்டுட்டுச் செய். உன்னால இன்னைக்கு எவ்வளவு கலவரம் பாரு."

"சரி சார். அவரு வெளிய உட்கார்ந்திருக்காரு..."

"அதான் தெரியுதே, வரச்சொல்லு. சாயங்காலத்துக்குள்ள கோட்டிங் ஏத்தி முடிக்கணும்."

அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தையை அவள் எதிர்பார்க்கவில்லை. ஓடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். மூச்சு வாங்கச் சொன்னதில் பாதிதான் அவனுக்குப் புரிந்தது. இரண்டே மைக்ரான் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"நான் அழுத்தலையா?"

"நீங்க அழுத்தவே இல்ல. கை மரத்தாலும் கழண்டாலும் அது உங்க கைதான். நான்தான் பிளாஸ்டிக் வச்சதைச் சொல்லாம விட்டுட்டேன்."

அவன் மறுபடி வாளிமேல் உட்கார்ந்துவிட்டான். தோளில் கிடந்த துணியால் முகத்தை அழுந்தத் துடைத்தான். துணியைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆக, என் வேலைக்கு உலை வச்சதே நீதான்," என்றான்.

"போன வேலையைத் திருப்பி வாங்கிட்டு வந்ததும் நான்தான்."

"இங்க உட்கார்ந்து நான் என்னவெல்லாம் யோசிச்சேன் தெரியுமா? ஏதாவது அடுக்குமாடில வாட்ச்மேனாப் போயிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். சட்டை அளவுகூட மனசுல ஓடிச்சு."

"உங்களை எவன் வாட்ச்மேனா வைப்பான்? திருடன் வந்து அதட்டினா நான்தான் திருடினேன்னு நீங்களே ஒத்துக்குவீங்க."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். "நாளைக்கு லீவு போட்டுட்டு அந்தக் கையை டாக்டர்கிட்ட காட்டுறோம்," என்றாள். "பார்க்கலாம்," என்றான். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்கு அதற்குச் சண்டை பிடிக்க மனசு வரவில்லை.

உள்ளே நுழைகிற வழியில் ஆபீஸ் பெண் மேசைக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டாள். "அண்ணா, ஒரு நிமிஷம். சார் உங்களை வெளிய அனுப்பினப்பவே கம்ப்யூட்டர்ல போயிட்டதாப் போடச் சொல்லிட்டாரு. மறுபடி கைரேகை வச்சுட்டுப் போங்க. இல்லைன்னா காலையோட உங்க நாள் முடிஞ்சதாக் காட்டும், அரைச் சம்பளம்தான் வரும்."

கதவோரம் சுவரில் இருந்த சின்ன மெஷினில் அவன் கட்டைவிரலை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் முயற்சி செய்யுங்கள் என்று அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது.

"விரலைத் துடைச்சுட்டு வைங்கண்ணா."

"துடைச்சுத் துடைச்சுத்தாம்மா இந்தக் கதி. காலையிலயும் நாலஞ்சு தரம் வச்சப்புறம்தான் விழுந்துச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாலிஷ் முடிந்ததும் எண்ணெய்ப் பசை போக வண்டி முழுவதையும் திரவம் தொட்டுத் துடைத்திருந்தான். விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. மறு கட்டைவிரலை வைத்தான். ஆள்காட்டி விரலை வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ரேகையெல்லாம் தேய்ந்து, கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. தன் சேலைத் தலைப்பில் சூடு பறக்கத் தேய்த்து, "இப்ப வைங்க," என்றாள்.

சிவப்பு விளக்குதான்.

"நீயே கையால போட்டுடேன், தாயி," என்றாள் ஆபீஸ் பெண்ணிடம்.

"எனக்கு அந்த அதிகாரம் இல்லக்கா. மெஷின்ல விழணும். சார்கிட்ட நாளைக்குச் சொல்லிப் பார்க்கிறேன், ஆனா போன தடவை அவரு ஒத்துக்கல."

உள்ளேயிருந்து முதலாளியின் குரல் வந்தது. "கண்ணாடி, எங்கய்யா போயிட்டே? மருந்தைத் திறந்து வச்சாச்சு. நீ இல்லாம ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது."

"இதோ வந்துட்டேன் சார்," என்று அவன் உற்சாகமாகக் குரல் கொடுத்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றபடி, மிச்சமிருந்த சுண்டுவிரலையும் மெஷினின்மேல் வைத்தான். அது ஒரு கணம் யோசித்தது. அப்படி ஒருவர் இங்கே வேலையில் இல்லை என்று திரையில் எழுத்து ஓடியது.