மாடிப்படி ஏறிய சிக்னல்

ஆடிக் கிருத்திகைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து எவாஞ்சலின் லேப்டாப்பைத் திறந்தபோது இணையம் ஊர்ந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் காவடிக் கூட்டம். பம்பைச் சத்தமும் ஒலிபெருக்கியும் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தன. வீட்டுக்குள் யார் எவ்வளவு நெட் இழுக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று வைஃபையைக் கவனிக்கும் கன்ட்ரோலரின் திரைப்பக்கத்தைத் திறந்தாள்.

அந்தக் கன்ட்ரோலரை மூன்று மாதத்துக்கு முன் அவளேதான் பொருத்தினாள். பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒயர், பிளக் என்றால் பயமில்லாதவள். கணவன் ஜெபசிங் ரயில் ஓட்டுநர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மாடியில் குடிவந்த கயல்விழிக்கு வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. கீழே இருந்த ரூட்டரின் சிக்னல் மாடிக்கு எட்டவில்லை. அதனால் கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று இரண்டு வைஃபை கருவிகளை வாங்கினாள். மாடிப்படிக்கு ஒரு கேமரா வைத்தாள். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க, உள்ளங்கை அகலத்தில் ஒரு கன்ட்ரோலர் பெட்டியை ரூட்டர் பக்கத்தில் செருகினாள். வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு சனிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். கடைசியில், பெட்டியைச் செய்த கம்பெனி போட்டிருந்த பாஸ்வேர்டை மாற்றும்படி பெட்டி கேட்டது. எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்ட சந்தோஷத்தில் ‘பிறகு’ என்பதை அழுத்தினாள். அதோடு மறந்தும் போனாள்.

இப்போது திரையில் வீட்டிலுள்ள கருவிகளின் பட்டியல் விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் அவளே பெயர் வைத்திருந்தாள். ‘என் போன்’, ‘ஜெபா போன்’, ‘டிவி’, ‘கயல் லேப்டாப்’. ‘கயல் போன்’ என்பதை மட்டும் காணவில்லை. அது இருந்த இடத்தில் ‘என் பொண்டாட்டி’ என்று இருந்தது.

எவாஞ்சலினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நொடி ஜெபசிங்கின் முகம் மனதில் வந்துபோனது. அதற்காகப் பிறகு பல நாள் வெட்கப்பட்டாள். அடுத்த நொடி கயல்விழி வீடு கேட்டு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று அவள் சுடிதார்க் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, பழைய தீக்காயத்தைக் காட்டியிருந்தாள்.

“பள்ளிப்பட்டுல இருந்து வரேன்கா. என் வூட்டுக்காரரு தேடிகினு வந்தா, அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லணும். அது உங்களால முடியும்னாதான் நான் வருவேன்.”

“முடியும்” என்று எவாஞ்சலின் அன்றே சொல்லியிருந்தாள்.

நிர்வாகிகள் பட்டியலைத் திறந்தாள். அவள் ஒருத்தி பெயர்தான் இருக்கவேண்டும். இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டாவது கணக்கு உருவாகிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்தக் கணக்கிலிருந்து யாரோ தினமும் காலையிலும் மாலையிலும் உள்ளே வந்திருந்தார்கள். மாடிப்படிக் கேமராவை நேற்று மட்டும் நாற்பத்தொரு முறை திறந்து பார்த்திருந்தார்கள். கயல்விழி எப்போது கடைக்குப் போகிறாள், எப்போது திரும்புகிறாள், எவாஞ்சலின் எப்போது பள்ளிக்குக் கிளம்புகிறாள், எல்லாமே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

“ஏசப்பா” என்று வாய் தானாக முணுமுணுத்தது.

அப்போதுதான் பட்டியலின் கடைசி வரியைக் கவனித்தாள். பெயரில்லாத ஒரு போன். நான்கு நிமிடத்துக்கு முன் இணைந்திருந்தது. கீழ்த்தளக் கருவியோடு இணைப்பு. சிக்னல் ஒரே ஒரு கோடு. அதாவது அந்தப் போன் வீட்டுக்குள் இல்லை, ஆனால் தூரத்திலும் இல்லை. தெருவில் இருந்தது.

கயல்விழிக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காதில் ஹெட்செட் மாட்டி மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டால் அவள் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். எவாஞ்சலின் கேமராப் படத்தைத் திறந்தாள். திரை கறுப்பாக இருந்தது. கேமரா நிறுத்தப்பட்டிருப்பதாக ஒரு வரி மட்டும் வந்தது.

ஒயரைப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் அவன் எங்கே இருக்கிறான் என்பது தெரியாமல் போய்விடும். முடிவெடுக்க முடியாமல் பெயரில்லாத போனின் சிக்னல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று இரண்டானது. இரண்டு மூன்றானது. வாசல் கேட் கிறீச்சிட்டதா என்று காதைத் தீட்டினாள். பம்பைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி ஒரு முறை துள்ளியது. ‘கீழ்த்தளம்’ என்றிருந்தது ‘மாடி’ என்று மாறியது.

அவன் படியில் ஏறிக்கொண்டிருந்தான்.

தன் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எப்படியோ எழுந்து வெளியே ஓடி, வீட்டின் பக்கவாட்டில் இருந்த படிக்கட்டுக்கு வந்தாள்.

பாதிப் படியில் ஒருவன் நின்றான். மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கூட்டத்தில் யார் பார்த்தாலும் காவடிக்கு வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். கையில் போன்.

“அக்கா, கயலு மேலதான கீது?” என்று அமைதியாகக் கேட்டான்.

“அப்படி யாரும் இங்க இல்ல. கீழ எறங்குங்க.”

அவன் சிரித்தான். போன் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். “இதுல கீதுன்னு போட்டுக்குதே.”

திரும்பி மேலே ஏறினான். “கயலு! கதவத் தொறக்காத!” என்று எவாஞ்சலின் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேலே கதவைத் தட்டும் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. அது நிதானமாக, பழகிய ஆள் தட்டுவதுபோல் இருந்தது.

கீழே ஓடினாள். ரூட்டர், கன்ட்ரோலர், வைஃபை எல்லாம் செருகியிருந்த ஒயர்க்கட்டையைச் சுவரிலிருந்து அப்படியே பிடுங்கினாள். நெட் போனால் கயலின் மீட்டிங் அறுந்துவிடும், ஹெட்செட்டைக் கழற்றுவாள். அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. பிடுங்கிய கையோடு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டு சிவப்பிரகாசம் பந்தல் போட்டு பக்தர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கழனியும் டிராக்டருமாக வாழ்கிற மனிதர். டீச்சர் ஓடிவந்த கோலத்தைப் பார்த்ததும் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

“இன்னா டீச்சர்? இன்னா ஆச்சி?”

“மாடில… கயலு வீட்டுக்காரன்… அந்தப் பொண்ணக் கொன்னுடுவான்ங்க!”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பந்தலிலிருந்த நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு படியேறினார். எவாஞ்சலின் தெருமுனையில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸாரிடம் ஓடினாள்.

அவர்களோடு அவள் திரும்பி வந்தபோது கயலின் கணவன் அருண்பாண்டியனை மொட்டைமாடிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். “குடும்ப விஷயம்ங்க, என் பொண்டாட்டியப் பாக்க வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு காவலர் அவன் இடுப்பைத் தடவினார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டில் வந்தது. காவலர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது ஆசிட்.

கயல்விழியின் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. எவாஞ்சலினின் குரலைக் கேட்ட பிறகும் அது திறக்க வெகு நேரம் ஆனது.

“நெட்டு கட்டாயிடுச்சி. ஹெட்செட்ட கழட்டினா, கதவு தட்ற சத்தம்” என்றாள் கயல்விழி. உதடு வெளுத்திருந்தது. “நீங்கதான்னு நெனச்சி தாழ்ப்பா மேல கை வச்சிட்டேன்கா. அப்பதான் ‘கயலு’ன்னு அவரு கொரலு கேட்டுது.”

மாலையில் மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. பானுப்ரியா விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. கயலின் அம்மா அன்னம்மாள் ஆனி மாதம் இங்கே வந்து இரண்டு நாள் தங்கியிருந்தாள். அவள் போனில் வைஃபை பாஸ்வேர்டும் வீட்டு விலாசமும் பதிந்திருந்தன. பள்ளிப்பட்டுக்குத் திரும்பிய பிறகு, போனைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று மருமகன் அதை வாங்கியிருக்கிறான். வாசலில் வந்து நின்று வைஃபையில் நுழைந்தவனுக்குக் கன்ட்ரோலரில் எந்தத் தடையும் இல்லை. எல்லாப் பெட்டிக்கும் பொதுவான கம்பெனி பாஸ்வேர்டைப் போட்டான், திறந்துகொண்டது. வெளியூரிலிருந்தும் பார்க்கும் வசதியை அவனே அதில் போட்டுக்கொண்டான்.

“எதையும் அழிக்காதீங்க டீச்சர்” என்றார் பானுப்ரியா. “அவன் எப்ப எப்ப உள்ள வந்தான்ற பதிவு பூராவும் எங்களுக்கு வேணும்.”

வீடு திரும்பும் வழியில் எவாஞ்சலின் உண்மையைச் சொன்னாள். “அந்தப் பொட்டி என்னக் கேட்டுச்சி கயலு. பாஸ்வேர்ட மாத்துன்னு கேட்டுச்சி. நாந்தான் அப்புறம் பாக்கலாம்னு வுட்டேன்.”

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கயல்விழி சொன்னாள். “எனக்கு உங்க மேல கோவம் கீதுக்கா. இல்லன்னு சொன்னா பொய்யி.”

போலீஸ் நகல் எடுத்து முடித்த மறுநாள் காலை இருவரும் ரூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் வெளியிலிருந்து வரும் இணைய ஒயரைக் கழற்றினார்கள். கன்ட்ரோலரின் பின்புறத் துளையில் ஊசியால் அழுத்தி, பழசு எல்லாவற்றையும் துடைத்தார்கள். புது நிர்வாகிப் பெயர், இருபது எழுத்துக்கு மேல் போகும் பாஸ்வேர்ட், உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் போன் ஆப் காட்டும் எண். வெளியிலிருந்து பார்க்கும் வசதியை அடைத்தார்கள். விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை போட்டார்கள். அதில் இருப்பவர்களால் கன்ட்ரோலரைத் தொடவே முடியாது. எல்லாம் முடிந்த பிறகே இணைய ஒயரைச் செருகி, பெட்டிக்கு வந்திருந்த புது மென்பொருளை ஏற்றினார்கள். எவாஞ்சலின் அடிக்க அடிக்க எழுத்துகள் தப்பின. மூன்றாவது முறை தப்பியதும் கயல்விழி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அருண்பாண்டியனுக்கு இரண்டு மாதத்தில் ஜாமீன் கிடைத்தது. ஊருக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை. கயல்விழி வீட்டைக் காலி செய்துவிடுவாள் என்றுதான் எவாஞ்சலின் நினைத்தாள். அவள் போகவில்லை. போனால் மறுபடியும் யாருக்கோ முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்றாள்.

முதல் விசாரணைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள், எவாஞ்சலின் சாட்சி. ஜெபசிங் லீவு போட்டு உடன் வந்தான். கோர்ட் வராந்தாவின் அந்தப் பக்கம் அருண்பாண்டியன் வெள்ளைச் சட்டையில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கயல்விழி எவாஞ்சலினின் மணிக்கட்டைப் பிடித்தாள். எவாஞ்சலினைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை விடவில்லை. வியர்த்து வழுக்கியது யாருடைய கை என்று இருவருக்கும் தெரியவில்லை. பெயர் வந்ததும் எவாஞ்சலின் எழுந்து, அவன் நின்ற இடத்தைத் தாண்டி உள்ளே நடந்தாள்.