கிள்ளு சிஸ்டரின் விரல்கள்

இதை நான் செய்யவில்லை என்று யாரும் கேட்காமலே சொன்னால், நான்தான் செய்தேன் என்று ஆகிவிடாதா?

அந்த எண்ணத்தோடுதான் அவள் அத்தையின் இடது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே ஒன்பது கன்றிப்போன இடங்கள். பழையவை மஞ்சள், புதியவை ஊதா. எல்லாமே இரண்டு நகங்கள் சேர்ந்து பிடித்த அளவு. பதினோரு மணிக்கு நாத்தனார் வருகிறார். பீரோவிலிருந்து முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தாள். மறைத்தால் இன்னும் மோசம்.

அத்தைக்கு மறதி நோய் வந்து நான்கு வருடம். முதலில் மகன் பெயர் போனது, பிறகு தன் பெயர். இந்த ஆறு மாதத்தில் வார்த்தைகளே அநேகமாகப் போய்விட்டன. மிஞ்சியது "இல்லை" என்ற ஒன்றும், யார் முகத்தைப் பார்த்தாலும் வரும் ஒரு சிரிப்பும். போன மாதத்திலிருந்து புதிதாக இது. உடை மாற்றும்போதும் விரிப்பை உருவும்போதும் தன்னைத் தானே கிள்ளிக்கொள்கிறார்.

டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். "எங்கயாவது வலிக்குதாம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். "இல்லை" என்று அத்தை சிரித்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் அதே இல்லைதான், அதே சிரிப்புதான். அதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நோய் முற்றும்போது இப்படியெல்லாம் வரும் என்று சொல்லி, அமைதியாக இருக்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அது போட்ட நாட்களில் அத்தை வாயோரம் எச்சில் வழியத் தூங்கினார். அவளும் தூங்கினாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

மாத்திரை மயக்கம் தெளிந்ததும் கிள்ளல் திரும்பி வந்தது. கையைக் கட்டிவிடச் சொன்னவர் நாத்தனார், போனில். பழைய தலையணை உறையை வெட்டி இரண்டு பைகள் தைத்தது அவள். கையை உள்ளே விட்டு மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடலாம். தையல் நேராக வந்ததில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

நேற்றுக் காலைதான் பைகளை முதன்முதலாகக் கட்டினாள். விரிப்பு மாற்ற அத்தையை இடது பக்கமாகப் புரட்டினாள். சத்தமே இல்லை. பரவாயில்லையே என்று எட்டிப் பார்த்தாள். அத்தை கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பல் பதிந்த இடத்தில் ரத்தம். மூச்சு விட்டு விட்டு வந்தது. பைக்குள் இருந்த வலது கை, இடது கையின்மேல் தேய்த்துக்கொண்டே இருந்தது, எதையோ பிடிக்கப் பார்ப்பதுபோல.

அவசரமாக நாடாவை அவிழ்த்தாள். விரல்கள் நேராக அந்த இடத்துக்குப் போய்க் கிள்ளின. நெற்றி தளர்ந்தது.

அந்த விரல்களை அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் முப்பத்தொரு வருடம் ஊசி போட்ட விரல்கள். ஊசி தொடையில் என்றால் கிள்ளு காதில். "இங்க சின்னதா வலிச்சா, புள்ள அங்க மறந்துடும்" என்பார். கிள்ளு சிஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவள் மகளுக்கு முதல் தடுப்பூசி போட்ட அன்று குதிகாலில் ஒரு கிள்ளு விழுந்தது. அதற்காக அவள் அத்தையோடு இரண்டு நாள் பேசவில்லை.

இவர் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், என்று அவளுக்குத் தோன்றியது. அப்படியென்றால் ஊசி எங்கே ஏறுகிறது?

வலிக்கிறதா என்று கேட்கவில்லை. முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தாள். தோள், முழங்கை, முழங்கால். இடது காலை லேசாக வெளிப்பக்கம் நகர்த்தினாள். புருவம் சுருங்கியது, விரல்கள் கிளம்பின. இடுப்பு. இன்னொரு தடவை நகர்த்தி உறுதி செய்துகொள்ள மனம் வரவில்லை. ஒரு மாதமாக, தினமும் இரண்டு வேளை, அந்த இடுப்பின்மேல்தான் புரட்டியிருக்கிறாள்.

டாக்டருக்குப் போன் செய்து, எதைக் கேட்டாலும் அத்தை இல்லை என்பதையும் சேர்த்து, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சொன்னார்: "வலி மாத்திரை மூணு வேளை. கேட்டுட்டுக் குடுக்காதீங்க, நேரம் பாத்துக் குடுங்க. புரட்டற வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி உள்ள போயிருக்கணும். திங்கக்கிழமை எக்ஸ்ரே எடுத்துடலாம்."

"அந்தத் தூங்கற மாத்திரை?"

"நிறுத்திடுங்க. அதுல வலி போகாது. வலி இருக்கறது நமக்குத் தெரியாமப் போகும், அவ்வளவுதான்."

இன்று ஏழு மணிக்கு மாத்திரை, எட்டு மணிக்கு வலது பக்கமாகப் புரட்டல். ஒன்பது இடங்கள் ஒன்பதாகவே இருந்தன.

நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டார்.

"என்ன இது, எங்கம்மா கை? போன்ல சொன்னப்ப இவ்வளவுன்னு நினைக்கல."

"அவங்களேதான் கிள்ளிக்கிட்டாங்க அண்ணி."

"ஊர்ல பாதிப் பேர் காதுல எங்கம்மா கையெழுத்து இருக்கு, ஒத்துக்கறேன். தன்னையே கிள்ளிக்கிட்டாங்கன்னா யாரு நம்புவா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்னைத்தான் நினைப்பாங்க."

அவள் இடுப்பைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். நாத்தனார் கட்டிலருகே குனிந்தார். "அம்மா, இடுப்பு வலிக்குதா?"

"இல்லை." சிரிப்பு.

"கேட்டியா? அவங்க வாயாலயே சொல்றாங்க. நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

இதே வாயிடம், இவங்க உங்க பொண்ணா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நாளைக்குச் சித்தப்பா வீட்டுல எல்லாரும் பாக்க வர்றாங்க. இந்தக் கோலத்துல காட்ட என்னால முடியாது. ரெண்டே நாள். மாத்திரையைக் குடுத்துத் தூங்க வை, கையைக் கட்டு. தம்பிகிட்டயும் பேசிட்டேன்." ஆணியில் தொங்கிய பைகளை எடுத்து நீட்டினார். "நல்லாத்தானே தைச்சிருக்க. நான் பிடிச்சுக்கறேன், நீ நாடாவைக் கட்டு."

பேசிக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மெத்தை சாய்ந்தது. அத்தையின் இடது கால் நகர்ந்தது.

புருவம் சுருங்கியதை அவள் பார்த்தாள். விரல்கள் கிளம்புவதற்குள் தன் கையை அத்தையின் இடது கைமேல் வைத்தாள். கிள்ளு அவள்மேல் விழுந்தது. முப்பத்தொரு வருடத்து விரல்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாத்தனாரின் நீட்டிய கையில் பைகள் அப்படியே இருந்தன.

"கொஞ்சம் மெதுவா எழுந்திருங்க அண்ணி," என்றாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நான் கட்ட மாட்டேன்."