இடது ஓரத்தில் நின்றவன்

ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் என் வலது முழங்காலினுள் ஏதோ ஒன்று அறுந்தது. ஓசை எழவில்லை, ஈரச் சுள்ளியை மிதித்தாற்போன்ற உணர்வு மட்டுமே ஏற்பட்டது. ஆகஸ்ட் மாத மழை கடலிலிருந்து சாய்வாக வீசிக்கொண்டிருந்தது. சேற்றில் முகம் புதையக் கிடந்த நான், வலியைக் குறித்தல்ல, மரக்கிடங்கைக் குறித்தே முதலில் எண்ணினேன்.

எங்கள் ஊரின் நிலக்கரி கடலுக்கு அடியில் இருக்கிறது. ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் அதனை வெட்டுவதற்குக் கீழே இறங்கியாக வேண்டும். பந்து விளையாடத் தெரிந்தவனுக்கு மட்டும் கம்பெனி தரைக்கு மேலே வேலை தரும். சுரங்கக் குழியைத் தாங்கும் கட்டைகளை அளந்து அடுக்கும் மரக்கிடங்கு எனக்கு அவ்வாறு வாய்த்ததே. பத்தொன்பதாம் வயதில் தலைநகர் சந்தியாகோவின் கால்பந்துக் கழகம் ஒன்று என்னை அழைத்துச் சென்றது. அங்கே நான்கு ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடினேன். தேசிய அணியின் பட்டியலில் என் பெயர் ஒருமுறை இடம்பெற்றது. நான் மைதானத்தில் இடம்பெறவில்லை. பின்னர் கணுக்கால் முறிந்தது, கழகம் கைவிட்டது, ஊருக்கும் மரக்கிடங்குக்கும் திரும்பினேன். இந்த ஆட்டம் நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில் எனக்கு வயது முப்பத்து மூன்று. என் தந்தையும் இரு தமையன்மாரும் கீழேயே மாண்டவர்கள் என்பதனையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

தென்குழி அணியின் பொறுப்பாளரான தோன் அனிபால், அன்று காலை என் காலணிக் கயிற்றைப் பார்த்தவாறே கூறியிருந்தார்:

"ரொசெந்தோ, இன்னிக்கு நீ ஆடறதப் பாத்துத்தான் நாளைக்கு யாரு மேல, யாரு கீழன்னு பட்டியல் எழுதுவேன். கெழட்டுக் குதிரைக்கெல்லாம் கம்பெனி புல்லு போடாது, தெரியுமில்ல?"

அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரர் என்னும் வழக்கம் கிடையாது. காயமுற்றவன் வெளியேறினால் அணி பத்துப் பேராகக் குறையும். ஆதலால் நொண்டியை இடது ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் குழிகளுக்கிடையே இதற்கு எழுதப்படாத ஒழுங்கு ஒன்று இருந்தது. அந்த ஓரத்தைக் காக்கும் எதிரணிக் காவலன் நொண்டியை நெருங்க மாட்டான். நொண்டியும் தன்னிடம் வரும் பந்தைத் தன் ஆட்களுக்கே திருப்பித் தருவானேயன்றிக் கோலை நோக்கி உதைக்க மாட்டான். நடுவரின் புத்தகத்தில் அது இல்லை. எனினும் அதனை மீறியவன் எவனையும் நான் அறிந்ததில்லை.

வடகுழி அணியில் அந்தப் பக்கத்துக் காவலன் சபினோ ஒபாசோ. என் மகளின் ஞானத்தந்தை. அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றே அழைப்போம். அவன் வேலையும் தரைக்கு மேலேதான், கரி கழுவும் கொட்டகையில்.

"ரொம்ப வலிக்குதா கொம்பாத்ரே?" என்று கேட்டான்.

"காலு என்னுதுதானான்னே தெரியல."

"அப்ப சும்மா நில்லு. நான் நடுவுல போயிடறேன். அப்பன் கால ஞானத்தகப்பன் ஒடச்சான்னு புள்ள நாளைக்குச் சொல்லக் கூடாது பாரு."

அவன் சிரித்தான். வேலிக்கு அப்பாலிருந்து எவனோ கத்தினான்:

"டேய் பெரிய மனுஷா! சந்தியாகோ ரயிலுக்கு நிக்கிறியா? அது போயி பத்து வருஷமாச்சுடா!"

கூட்டம் நகைத்தது. ஒரு மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றேன். இருமுறை பந்து வந்தது. இருமுறையும் ஒழுங்காகத் திருப்பித் தந்தேன். தோன் அனிபால் குடையின் கீழ் நின்றார். அவர் என்னை ஒருமுறையேனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். என் பெயர் அவர் மனத்தில் அடிக்கப்பட்டாயிற்று என்பதனை உணர்ந்தேன்.

எண்பத்து நான்காவது நிமிடம் வரை இரு அணிக்கும் கோல் இல்லை. அப்பொழுது பந்து எவன் காலிலோ பட்டு, சேற்றில் வேகம் குன்றி, என் முன்னே வந்து நின்றது. சபினோ தொலைவில் நடுக்களத்தில் இருந்தான், என்னைப் பார்த்தான், மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பந்து எங்குப் போகும் என்று அறிந்தவனின் நிம்மதி அந்தத் திரும்பலில் இருந்தது. நான் அறுந்த காலை ஊன்றி, இடது காலால் கோலை நோக்கி உதைத்தேன்.

விழுந்தபடியே வலை அசைவதைக் கண்டேன். தென்குழிக்காரர்கள்கூட உடனே ஆரவாரிக்கவில்லை. சபினோ மெதுவாக நடந்து வந்து என் தலைமாட்டில் நின்றான்.

"அடிச்சிட்டியா?" என்றான். மழை விட்டதா என்று கேட்பவனின் குரல்தான் அது.

அன்று மாலை என் மனைவி ஒத்திலியா முழங்காலுக்கு வெந்நீர்த் துணி சுற்றினாள். அவளும் குழிக்காரர் வீட்டுப் பெண்.

"கோல் போட்டீங்களாமே. அப்ப சபினோ எங்க இருந்தாரு?"

"நடுவுல."

"உங்கள விட்டுட்டு அவரு ஏன் நடுவுல போனாரு?"

அவள் துணியைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து சென்றாள்.

திங்களன்று விடியலில் இரு குழிகளின் பட்டியல்களும் ஒட்டப்பட்டன. கால் ஆறும்வரை மரக்கிடங்கில் எனக்கு உட்கார்ந்து செய்யும் வேலை அளிக்கப்பட்டிருந்தது. ஒரு நொண்டியைத் தடுக்கத் தவறிய சபினோ ஒபாசோ அணியிலிருந்து நீக்கப்பட்டு, கடலுக்கடியில் மூன்றாம் தளத்திற்கு அனுப்பப்பட்டிருந்தான்.

அன்று பிற்பகல், பகல் வேலைமுறை முடியும் வேளையில், ஊன்றுகோலுடன் வடகுழி வாயிலுக்குச் சென்றேன். அவனிடம் கூற ஒரு சொல்லை வழிநெடுகத் தேடினேன். ஆட்கள் மேலே வந்தார்கள். அறுபது பேர், எழுபது பேர். அனைவரும் ஒரே கறுப்பு, ஒரே கூனல், ஒரே இருமல். பத்தாண்டுப் பழக்கமுள்ள முகத்தை அவர்களுள் என்னால் பிரித்தறிய இயலவில்லை. ஒருவன் என்னெதிரே நின்றான். வாயில் சுருட்டை வைத்து, பேசாமல், விரலால் நெருப்புக் கேட்டான். கீழே தீக்குச்சி கொண்டுபோகலாகாது. நான் குச்சியைக் கிழித்தேன். காற்றுக்கும் மழைக்கும் மறைவாக அவன் தன் இரு கைகளாலும் என் கைகளைப் பொத்திக்கொண்டான். தேவைக்குச் சற்று அதிகமாகவே இறுகப் பொத்திக்கொண்டான். சுருட்டு பற்றியது. அவன் என்னை நிமிர்ந்து பாராமல் மற்றவர்களுடன் மேட்டில் ஏறிப்போனான். மழையில் நின்று என் கைகளைப் பார்த்தேன். இரு மணிக்கட்டுகளிலும் எவனுடையனவோ பத்து விரல்கள் கரியாகப் பதிந்திருந்தன.