எல்லாரும் இறங்கணும்

“எல்லாரும் இறங்கணும். ஜாக்கி போடப் போறேன்,” என்று வேனின் பின்கதவைத் திறந்துகொண்டே சொன்னார் டிரைவர்.

மருமகள் இறங்கினாள். அவள் கணவனும் கொழுந்தனும் அதற்கு முன்பே முன்பக்கத்திலிருந்து குதித்து, முறைத்தால் காற்று ஏறிவிடும் என்பதுபோல அந்தச் சப்பைச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமியார் மட்டும் அசையவில்லை. ஸ்ட்ரெச்சரில் மாமனாரின் உடல். பக்கத்துப் பெஞ்சில், ஆஸ்பத்திரி வாசலில் ஏறியபோது உட்கார்ந்த அதே இடத்தில், மாமியார்.

“அம்மா, நீங்களும்தான்.”

“நான் இப்படி இருக்கேன்ப்பா. நீ உன் வேலையப் பாரு.”

“என் வேலையே அதாம்மா. உள்ள உசுரோட ஒருத்தர் இருந்தாக்கூட நான் ஜாக்கில கை வைக்க மாட்டேன்.”

டிரைவர் லேசில் மசிகிற ஆளில்லை. டயர் போய் வண்டி ஒரு பக்கமாக இழுத்தபோது எல்லாரும் “பிரேக், பிரேக்” என்று அலறினார்கள். மனுஷன் பிரேக்கைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்படி விட்டு, வளைவைத் தாண்டி, மண் கெட்டியாகவும் மட்டமாகவும் இருந்த இடம் வந்த பிறகுதான் ரோட்டை விட்டு ஒதுக்கினார். “ரிம் போயிடும்ணே!” என்று கொழுந்தன் பதறியதற்கு, “ரிம் போனா வேற வாங்கிக்கலாம் தம்பி” என்றதோடு சரி. இறங்கியதும் ஹேண்ட்பிரேக்கை இன்னொரு தரம் சோதித்தார், எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுத்தார். பிறகு கொழுந்தனிடம் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து, வளைவுக்கு அந்தப் பக்கம் போய் வருகிற வண்டிகளுக்கு ஆட்டச் சொன்னார். “ரோட்டுல இறங்கிடாதீங்க. ஓரத்துல நின்னு ஆட்டுங்க.”

கணவன் கதவருகே வந்தான். “அம்மா, வீட்டுல அத்தனை பேரும் காத்துக்கிட்டிருக்காங்க. இறங்கும்மா.”

“காத்திருக்கட்டும்.”

அவன் டிரைவர் பக்கம் திரும்பினான். “அண்ணே, அவங்க ஒரு வெயிட்டே இல்ல. அப்படியே வண்டியத் தூக்கிடுங்களேன்.”

“வெயிட்டு இல்ல சார் பிரச்சினை. உள்ள இருக்கறவங்க லேசா ஒரு பக்கம் சாஞ்சாப் போதும், ஜாக்கி சறுக்கிடும். ஐயா ஆட மாட்டாரு. அம்மா ஆடுவாங்க.”

வாயை விட்டபிறகுதான் டிரைவருக்கு உறைத்தது. தலையைச் சொறிந்துகொண்டு ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

“அவர் இறங்கினா நானும் இறங்கறேன்,” என்றார் மாமியார்.

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “நீயாவது சொல்லித் தொலையேன்,” என்றான் மனைவியிடம்.

நல்ல ஆளைப் பார்த்துத்தான் சொன்னான்! மாமியாரிடம் ‘இறங்குங்க’ என்று சொல்ல உலகத்தில் ஒருத்திக்கு வாய் வராது என்றால் அது அவளுக்குத்தான். காலையில் மாமியாரை எழுப்பி வெளியே அனுப்பியதே அவள்தானே! மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அவர் கட்டிலை விட்டு நகராத மாமியாரை, “நான் இருக்கேன்ல அத்தை, போய் ஒரு வாய் டீ குடிச்சிட்டு வாங்க” என்று மல்லுக்கட்டி அனுப்பிவைத்தாள். மாமனார் ஆரஞ்சு கேட்டார். தோலை மட்டும் உரித்துக் கொடுத்தால் அவருக்கு ஆகாது. ஆயுசு முழுக்க ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டியவர், எதிலும் பிசிறு இருக்கக் கூடாது. அவள் குனிந்து, சுளையிலிருந்து நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே மாடி வீட்டுக்காரர்களின் சண்டையை அவருக்கு ரசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் வரவில்லை. கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்தாள். திரும்பி வந்த மாமியார்தான் வாசலிலேயே நின்று, “இவர் ஏன் இப்படி இருக்கார்?” என்று கேட்டார். அப்போதும் அவள் கையில் சுளை இருந்தது.

அதற்குப் பிறகு மாமியார் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். ‘பக்கத்துல உக்காந்து என்னத்தடி பார்த்தே’ என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுது தீர்த்திருப்பாள். அந்த மௌனம்தான் அவளைக் கொன்றது. இனி அவரை யாரை நம்பியும் விடுவதாக இல்லை என்று மாமியார் முடிவு கட்டிவிட்டதாகவும், அந்த ‘யாரும்’ தான்தான் என்றும் அவளுக்குத் தோன்றியது.

“மாமாவையும் இறக்கிடலாம்,” என்றாள்.

“பைத்தியமா உனக்கு? அப்பாவ ரோட்டோரத்துல கிடத்தச் சொல்றியா? பாக்கறவன் என்ன நினைப்பான்?”

“டயர் மாத்தறாங்கன்னு நினைப்பான். நீங்க தலைமாட்டைப் பிடிங்க.”

இப்படி ஒரு குரலை அவளிடமிருந்து அவன் கேட்டதில்லை. பிடித்தான். கால்மாட்டை டிரைவர் பிடித்தார். நடுவில் இவள் கைகொடுத்தாள். ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி, ஒரு மரத்தடியில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். மாமியார் சொன்ன சொல் தவறாமல் கூடவே இறங்கி வந்து, வெறுந்தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மருமகள் கொஞ்சம் எட்டியே நின்றாள். பக்கத்தில் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

டிரைவர் வேலையை ஆரம்பித்தார். வண்டியைத் தூக்குவதற்கு முன்னாலேயே நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். “தூக்கினப்புறம் திருகினா வண்டி ஆடும் சார்.” ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டார். வண்டி மெல்ல எழும்பியதும், மாற்று டயரைப் படுக்கை வசமாக அடியில் தள்ளிவைத்தார். ஜாக்கி சறுக்கினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காருமாம். கணவன் ஏதோ உதவுகிற நினைப்பில் குனிந்து அடியில் எட்டிப் பார்க்க, “தலைய வெளிய எடுங்க சார்!” என்று ஒரு அதட்டல் போட்டார். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“இவர் இருந்திருந்தா இந்நேரம் சும்மாவா இருப்பார்?” என்றார் மாமியார், யாரிடம் என்றில்லாமல். “எவன் வண்டி நின்னாலும் போய் யோசனை சொல்லணும். ஒரு ஸ்க்ரூ திருப்பத் தெரியாது.”

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன்னிடம்தான் சொன்னாரோ என்று ஆசையோடு பார்த்தாள். மாமியாரின் கண் சக்கரத்தின் மேல் இருந்தது.

ஒரு கார் வேகம் குறைத்து நின்றது. “என்னங்க, ஆக்சிடென்டா?”

“இல்லப்பா. பஞ்சர்,” என்றார் மாமியார்.

கேட்டவன் வேனைப் பார்த்தான், மரத்தடியைப் பார்த்தான், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

கழற்றிய சக்கரமும் மாற்றுச் சக்கரமும் இடம் மாறின. டிரைவர் நட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வண்டியைத் தரையில் இறக்கியபின் ஸ்பானரின் மேல் தன் முழு பாரத்தையும் போட்டு மறுபடி ஒரு சுற்று. கணவன் கை தட்டாத குறையாக நிமிர்ந்து நின்றான். வளைவிலிருந்து கொழுந்தனைக் கூப்பிட்டார்கள்.

அப்போது மாமியார் ஒரு மாதிரி நெளிவதை மருமகள் கவனித்தாள். எழப் போவதுபோல் தரையில் கையை ஊன்றுவார், மாமனாரின் முகத்தைப் பார்ப்பார், மறுபடி உட்கார்ந்துவிடுவார். காலையில் டீ குடித்துவிட்டு வந்ததிலிருந்து மாமியார் அவரை விட்டு எங்கேயும் நகரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தாள். ‘போயிட்டு வாங்க அத்தை’ என்று இன்னொரு தரம் சொல்ல நாக்கு எழவில்லை.

“இங்க வா,” என்றார் மாமியார்.

அவள் போனாள்.

“இப்படி உக்காரு. நான் மறைவுக்குப் போயிட்டு வந்துடறேன். எவ்வளவு நேரந்தான் அடக்கறது!”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். எழுந்தபின்னும் கை ஒரு கணம் அங்கேயே இருந்தது. மருமகள் அவர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தாள். அந்த மண் இன்னும் சூடாக இருந்தது.

“முடிஞ்சுது, ஏத்தலாமா?” என்று கணவன் வந்து நின்றான்.

“அத்தை வரட்டும்,” என்றாள் அவள். மாமனாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செடிகளுக்குப் பின்னால் மறைகிறவரைக்கும் மாமியார் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார்.